32 ஆம்ப்ஸ் பிடியூ (சர்வர் ரேக்குக்கு கரண்ட் பிரிச்சு குடுக்கற பட்டை) வந்திருக்கு, சுவத்துல 16 ஆம்ப்ஸ் சாக்கெட்தான் இருக்கு: பிளக்க மாத்துனா போதுமா?

கோவை_அட்மின்
வணக்கம் மக்களே. சின்ன சர்வர் ரூம், ஒரே ரேக். சர்வர் ஆறு, ஒவ்வொண்ணுலயும் 800 வாட் பவர் சப்ளை ரெண்டு, அப்புறம் ஒரு ஸ்டோரேஜ், ரெண்டு ஸ்விட்ச். ஹெட் ஆபீஸ்ல இருந்து ரெண்டு பிடியூ அனுப்பிட்டாங்க, சிங்கிள் ஃபேஸ் 32 ஆம்ப்ஸ், நீல கலர் இண்டஸ்ட்ரியல் பிளக். இங்க இருக்கறது ஏசிக்கு போடுவாங்களே அந்த 16 ஆம்ப்ஸ் மூணு பின் சாக்கெட் ரெண்டு. எலக்ட்ரீஷியன் அண்ணன் "பிளக்க வெட்டிட்டு 16 ஆம்ப்ஸ் டாப் மாட்டிடலாம் தம்பி, பத்தலன்னா டிபில (லைன் பிரியற பெட்டி) எம்சிபிய (அதிகமா கரண்ட் போனா தானா விழற சுவிட்ச்) மட்டும் 32 ஆக்கிக்கலாம்"ங்கறார். நான் கணக்கு போட்டா 6 x 2 x 800, சர்வர் மட்டுமே 9600 வாட் வருது, அப்போ 32 ஆம்ப்ஸே பத்தாதே, த்ரீ ஃபேஸ் கேக்கணுமா? யூபிஎஸ் 6 கேவிஏ ஒண்ணு இருக்கு.

டிபி_பாக்ஸ்
எம்சிபிய மட்டும் மாத்தற பேச்சே வேண்டாம் ப்ரோ. எம்சிபி இருக்கறது சர்வர காப்பாத்த இல்ல, சுவத்துக்குள்ள போற ஒயர காப்பாத்த. உள்ள 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் இழுத்திருந்து மேல 32 ஆம்ப்ஸ் எம்சிபி போட்டா ஒயர் சூடாகிட்டே இருக்கும், எம்சிபி கம்முனு உக்காந்திருக்கும். சாக்கெட்டும் 16க்கு செஞ்சதுதான், அதான் முதல்ல கருகும்.
பிளக் டாப் மாத்தறதுல ஆபத்து இல்ல, ஆனா வாரண்டி போகலாம். 32 ஆம்ப்ஸ் பிடியூவ 16 ஆம்ப்ஸ் லைன்ல ஓட்டலாம், கிடைக்கறது என்னவோ 230 x 16, அதாவது 3680 வாட்தான். இதுக்கு நேர் எதிரா 16 ஆம்ப்ஸ் பிடியூவ 32 ஆம்ப்ஸ் லைன்ல மாட்டுறதுதான் டேஞ்சர், பிடியூக்குள்ளயே பிரேக்கர் இல்லன்னா அதோட கேபிளுக்கு பாதுகாப்பே கிடையாது.

ரேக்மேன்
9600ங்கறது பவர் சப்ளை மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர கூட்டுனது, அவ்வளவுலாம் இழுக்காது. ரெண்டு சப்ளை இருக்கறது ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கறதுக்கு. ஐடிராக்லயோ ஐஎல்ஓலயோ (சர்வர தூரத்துல இருந்து பாக்கற டூல்) பவர் பேஜ் இருக்கும், அதுல பீக் வேல்யூ என்னன்னு பாத்து சொல்லுங்க. பகல்ல பாத்துட்டு வராதீங்க, ராத்திரி பேக்அப் ஓடறப்போ பாருங்க.

கோவை_அட்மின்
பாத்தேன் சார். பீக்ல சர்வருக்கு 400 வாட் பக்கம், ஸ்டோரேஜ் 500, ஸ்விட்ச் ரெண்டும் சேந்து 300. மொத்தம் 3200. அப்போ ஏ பக்கம் (முதல் பிடியூ) 7 ஆம்ப்ஸ், பி பக்கம் (ரெண்டாவது பிடியூ) 7 ஆம்ப்ஸ், 16 ஆம்ப்ஸ் சாக்கெட்டே தாராளம்னு எடுத்துக்கலாமா?

ரேக்மேன்
இங்கதான் எல்லாரும் கோட்ட விடறாங்க. தினமும் 7, 7னு காட்டும், பாக்க அழகா இருக்கும். ஒரு பக்கம் போச்சுன்னா அடுத்த செகண்ட் மொத்த 14 ஆம்ப்ஸும் மிச்சம் இருக்கற பக்கத்து மேல ஏறும், அதனால 14தான் உங்க கணக்கு, 7 இல்ல. 16 ஆம்ப்ஸ் எம்சிபி 14ல உடனே விழாது, ஆனா அந்த 16ங்கறதே 30 டிகிரிக்கு சொன்னது, நம்ம ஊர் வெயில்ல மூடி வச்ச டிபி பெட்டிக்குள்ள பக்கத்து பக்கத்துல நெருக்கி மாட்டுனா அதுக்கும் கீழ வரும். விடாம ஓடற லோடுன்னா 80 சதவீதத்துக்குள்ள நிறுத்துங்கறது அமெரிக்காக்காரன் கோடு, இங்க கட்டாயம் இல்லன்னாலும் வழக்கத்துல அத புடிச்சுக்கறது நல்லது. 16ல 12.8, 32ல 25.6. உங்க 14 எதுல உக்காருதுன்னு நீங்களே பாத்துக்கங்க. த்ரீ ஃபேஸ்லாம் தேவையே இல்ல, டிபில இருந்து தனித்தனியா ரெண்டு லைன், 6 ஸ்கொயர் காப்பர், 32 ஆம்ப்ஸ் சி கர்வ் (ஆன் பண்ற நேரத்து குபீர் கரண்ட தாங்கற வகை) எம்சிபி, நீல இண்டஸ்ட்ரியல் சாக்கெட். தூரம் அதிகம்னா ஒயர் சைஸ எலக்ட்ரீஷியன்ட்ட கணக்கு போட சொல்லுங்க.
யூபிஎஸ் 6 கேவிஏன்னா அது குடுக்கறதே 26 ஆம்ப்ஸ்தான், பிடியூல 32னு எழுதியிருக்கேன்னு நம்பிடாதீங்க. ஏ பக்கம் யூபிஎஸ், பி பக்கம் சர்ஜ் அரெஸ்டரோட (திடீர்னு ஏறற வோல்டேஜ தடுக்கறது) நேரா லைன். ரெண்டையும் ஒரே யூபிஎஸ்ல குத்துனா அது செத்த அன்னிக்கு ரெண்டு பிடியூ வச்சும் பிரயோஜனம் இல்ல.

ரிச்சி_தெரு_ரசிகன்
நடுவுல ஒரு டவுட்டு, ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் பிடியூ ஒண்ணு வாங்குனேன், எல்6-30 பிளக், 208 வோல்ட் 30 ஆம்ப்ஸ்னு போட்டிருக்கு. இங்க ஓடுமா?

டிபி_பாக்ஸ்
200-240னு எங்கயாவது போட்டிருக்கான்னு பாருங்க, இருந்தா ஓடும், பிளக் மட்டும் மாத்தணும். அது அமெரிக்க மாடல், அங்க ரெண்டு ஒயரும் லைவ், நம்ம ஊர்ல ஒண்ணு நியூட்ரல், அதனால உள்ள இருக்கற பிரேக்கர் டபுள் போலான்னு (ரெண்டு ஒயரையும் வெட்டறதான்னு) எலக்ட்ரீஷியன வச்சு செக் பண்ணுங்க. சிங்கிள் போலா இருந்தா ஃபேஸ் அந்த பிரேக்கர் இருக்கற பக்கம்தான் வரணும். 100-120 மட்டும் போட்டிருந்தா தொடவே தொடாதீங்க.
கோவை ப்ரோ, ஆர்சிசிபியும் (எர்த்துக்கு கரண்ட் கசிஞ்சா லைன வெட்டற சுவிட்ச்) பாருங்க. ஒவ்வொரு பவர் சப்ளையும் எர்த்துக்கு கொஞ்சம் கசிய விடும், 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி அதுல பாதி தாண்டுனாலே விழலாம். ஏவும் பியும் ஒரே ஆர்சிசிபிக்கு கீழ இருந்தா முடிஞ்சுது கதை.

கோவை_அட்மின்
ஒண்ணுதான் இருக்கு, ரெண்டுக்கும் பொதுவா 🤦 அதையும் பிரிக்க சொல்லிடறேன். லைன் போட்டதும் எப்படி டெஸ்ட் பண்றது?

ரேக்மேன்
ஞாயித்துக்கிழமை பேக்அப்ப ஓட விட்டுட்டு ஏ பக்கம் யூபிஎஸ் அவுட்புட்ட ஆஃப் பண்ணுங்க (எம்சிபிய ஆஃப் பண்ணா பேட்டரில ஓடிட்டே இருக்கும்), பி பக்கம் கிளாம்ப் மீட்டர்ல பாருங்க. டிபிக்குள்ள ஃபேஸ் ஒயர் ஒண்ண மட்டும் கவ்வணும், மொத்த கேபிளயும் சேத்து கவ்வுனா ஸீரோதான் காட்டும், டிபிய தொறக்கறது அண்ணன் வேலையாவே இருக்கட்டும். அரை மணி நேரம் கழிச்சு சாக்கெட், பிளக் மேல கைய வச்சு சூடு இருக்கான்னு பாருங்க. அப்புறம் மாத்தி பி பக்கம் ஆஃப். பிடியூக்குள்ள சாக்கெட்டுங்கள ரெண்டு பேங்கா (குரூப்பா) பிரிச்சு தனித்தனி பிரேக்கர் இருக்கும், எல்லா சர்வரையும் மேல் பேங்க்லயே குத்திடாம மூணு மூணா பிரிச்சுடுங்க.