ஜோ காக்ஸ்: தொண்டுப் பணியிலிருந்து நாடாளுமன்றத்துக்கு

அன்புள்ள சங்க உறவுகளுக்கு வணக்கம்.

தொண்டு நிறுவனங்களில் பணியாற்றியவர்களால் தேர்தல் அரசியலில் தாக்குப்பிடிக்க முடியுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம், பிரிட்டனின் தொழிற்கட்சியைச் சேர்ந்த ஜோ காக்ஸ்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறார். அவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தது ஏறத்தாழ 13 மாதங்களே. ஆயினும் அந்தக் குறுகிய காலத்தில் அவர் செய்தவற்றை உற்றுநோக்கினால், பிரசாரப் பணியில் பழகிய கை எது, அரசியலில் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது எது என்பது தெளிவாகப் புலப்படும்.

1974இல் மேற்கு யார்க்‌ஷரில் பிறந்தவர் ஜோ. அவருடைய தாய் பள்ளி அலுவலகச் செயலர். தந்தை பற்பசைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். குடும்பத்தில் முதல் பட்டதாரியான ஜோ, கேம்பிரிட்ஜில் படித்தபோது பேச்சு வழக்கும் குடும்பத் தொடர்புகளும் எவ்வளவு தூரம் ஒருவரைத் தூக்கிவிடுகின்றன என்பதைக் கண்டுகொண்டதாகப் பின்னாளில் கூறியிருக்கிறார். பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் கிளெனிஸ் கின்னக்கிடம் உதவியாளராக இருந்துவிட்டு, வறுமை ஒழிப்புக்காகப் பாடுபடும் தொண்டு நிறுவனமான ஆக்ஸ்ஃபாமில் சேர்ந்தார். அங்கே பல பொறுப்புகளை வகித்து, நியூயார்க்கில் மனிதாபிமானப் பிரசாரங்களுக்குத் தலைமை தாங்கும் நிலைக்கு உயர்ந்தார். சூடானின் டார்ஃபூரிலும் காங்கோவிலும் போரால் துரத்தப்பட்ட மக்களை நேரில் சந்தித்துப் பேசிய அனுபவம் அவருக்கு இருந்தது.

இந்த இடத்தில் ஒரு விதியை நாம் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் பதிவுபெற்ற அறநிறுவனம் கொள்கை மாற்றத்துக்காகப் பிரசாரம் செய்யலாம். ஆனால் எந்தக் கட்சிக்கும் ஆதரவு தரக் கூடாது. ஆகவே அங்கே பணிபுரிபவர் எல்லாக் கட்சியினரின் கதவையும் தட்டியே பழகுகிறார். 2015 மே மாதம் பேட்லி அண்ட் ஸ்பென் தொகுதியில் வென்ற ஜோ, அந்தப் பழக்கத்தை அவைக்குள்ளும் விடவில்லை என்பதே என் கணிப்பு. ஜூன் 3 அன்று ஆற்றிய முதல் உரையில், அயர்லாந்துக் கத்தோலிக்கரும் குஜராத், காஷ்மீர் பகுதிகளிலிருந்து வந்த இஸ்லாமியரும் தம் தொகுதியை வளப்படுத்தியிருப்பதை எடுத்துச் சொல்லி, நம்மைப் பிரிப்பவற்றைவிட நமக்குள் பொதுவாக இருப்பவையே மிக அதிகம் என்றார். சில மாதங்களில், சிரியாவுக்கான அனைத்துக் கட்சிக் குழுவில் பொறுப்பேற்று, எதிர்முகாமான கன்சர்வேட்டிவ் கட்சியின் முன்னாள் அமைச்சர் ஆண்ட்ரூ மிட்செலுடன் இணைந்து, சிரியக் குடிமக்களைக் காப்பதற்கான திட்டத்தை வலியுறுத்திக் கட்டுரை எழுதினார்.

ஆனால் பிரசாரகருக்கு இல்லாத ஒரு சுமை உறுப்பினருக்கு உண்டு: அவர் வாக்களித்தாக வேண்டும். 2015 டிசம்பர் 2 அன்று சிரியாவில் ஐஎஸ் அமைப்பின் மீது வான்தாக்குதல் நடத்தும் தீர்மானம் வந்தபோது, ராணுவ நடவடிக்கையைக் கொள்கையளவில் எதிர்க்காத அவர், குடிமக்களைக் காக்கும் முழுமையான திட்டம் அதில் இல்லை என்பதால் எந்தப் பக்கமும் வாக்களிக்கவில்லை. தீர்மானம் 397க்கு 223 என்ற கணக்கில் நிறைவேறியது. இதை நழுவல் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனெனில் தம் காரணத்தை அவர் மறைக்காமல் வெளிப்படையாகவே சொன்னார். அடுத்த ஏப்ரலில், ஆதரவற்ற 3,000 அகதிச் சிறார்களை ஏற்கக் கோரிய திருத்தத்துக்காக உருக்கமாகப் பேசினார். ஆனால் அந்தத் திருத்தம் 294க்கு 276 என்று தோற்றது.

தனிமையைப் பற்றிய அவருடைய முயற்சியே எனக்கு மிகவும் பிடித்தது. சிறுமியாக இருந்தபோது அஞ்சல்காரரான தாத்தாவுடன் கடிதம் கொடுக்கப் போனவர், பல வீடுகளில் அன்றைக்கு வேறு யாரும் வந்து பேசாத முதியோர் இருப்பதைப் பார்த்திருந்தார். உறுப்பினரானதும் கன்சர்வேட்டிவ் கட்சியின் சீமா கென்னடியுடன் சேர்ந்து, தனிமை குறித்த ஆணையம் ஒன்றுக்கான அடித்தளத்தை இட்டார். ஆனால் 2016 ஜூன் 16 அன்று, தொகுதி மக்களைச் சந்திக்கச் சென்ற வழியில், பர்ஸ்டால் நூலகத்துக்கு வெளியே தீவிர வலதுசாரி ஒருவனால் அவர் படுகொலை செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 41.

ஆணையத்தை இரு கட்சியினரும் சேர்ந்து நடத்தி 2017 டிசம்பரில் அறிக்கை தந்தனர். அடுத்த மாதமே அமைச்சர் டிரேசி கிரவுச்சிடம் தனிமைக்கான அமைச்சுப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 2018 அக்டோபரில் அரசு வெளியிட்ட திட்டத்தில், அஞ்சல்காரர்கள் தங்கள் சுற்றிலேயே தனித்து வாழ்பவர்களை நலம் விசாரிக்கும் முன்னோட்ட ஏற்பாடும் இடம்பெற்றது. 2021இல் அதே தொகுதியில் 323 வாக்கு வித்தியாசத்தில் வென்ற அவருடைய தங்கை கிம் லெட்பீட்டரும், அக்காவின் பெயரிலான அறக்கட்டளைப் பணியின் வழியே பொதுவாழ்வுக்கு வந்தவர்தான்.