சிங்கப்பூரில் அப்பாவின் இந்திய சிம்முக்கு ஓடிபி வரவில்லை

மதுரையிலிருந்து அப்பா போன வாரம் செங்காங்கில் எங்கள் வீட்டுக்கு வந்தார். சாங்கியில் இறங்கியதிலிருந்து அவருடைய எண்ணுக்கு ஒரு எஸ்எம்எஸ்கூட வரவில்லை. பேங்க் ஓடிபி இல்லாமல் ஊரில் நடக்கும் வீட்டு வேலைக்குப் பணம் அனுப்ப முடியவில்லை. கொத்தனார் தினமும் வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறார், அது மட்டும் தெளிவாகக் கேட்கிறது!

போன் ரெட்மி நோட் 9, சிம் இந்திய ப்ரீபெய்ட். ரோமிங் பேக் கிளம்பும் முன்பே போட்டாச்சு, ஆப்பில் 'ஆக்டிவ்' என்றுதான் காட்டுகிறது. சிக்னல் முழுசாக இருக்கிறது, டேட்டா ஓடுகிறது. யாராவது அழைத்தால் மட்டும் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்கிறதாம்.

நெட்வொர்க்கை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மாற்றி சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 மூன்றையும் கையால் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். போனை ரீசெட் செய்தேன். அதே சிம்மை என் புது போனில் போட்டாலும் இதே கதை, ஆக போன்மேல் குற்றமில்லை. வோல்ட்டியும் (VoLTE, 4ஜி வழியாகவே கால் பேசும் வசதி) ஆனில்தான் இருக்கிறது. இங்கே 2ஜி 2017-லும் 3ஜி 2024-லும் மூடப்பட்டுவிட்டதால், கால் வரவேண்டுமென்றால் வோல்ட்டி வழியாகத்தான் வரவேண்டும். சிக்கல் அங்கேதான் என்பது என் சந்தேகம். வைஃபை காலிங்கும் எடுக்கவில்லை.

கஸ்டமர் கேரில் "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்கிறார்கள். பேங்கில் பதிந்த நம்பரை மாற்றலாமென்றால், கிளைக்கு நேரில் வரச் சொல்கிறது பேங்க். அப்பா திரும்ப இன்னும் இரண்டு மாதம் ஆகும்.

இந்திய ப்ரீபெய்ட் சிம்மில் வோல்ட்டி ரோமிங்கை இங்கிருந்தே திறக்க வைத்தவர்கள் யாராவது இருந்தால், கஸ்டமர் கேரில் சரியாக என்ன கேட்டீர்கள்?