கலைச்சொல்: திருமண வீடியோ எடிட்டிங்கில் ‘பொறிநேரம்’

நண்பர்களுக்கு வணக்கம்.

‘ரெண்டர் டைம்’ (எடிட் செய்த காட்சிகளைக் கணினி படமாக உருவாக்கி முடிக்க ஆகும் நேரம்) என்பதற்குக் ‘காத்திருப்பு நேரம்’ என்று வைத்துக்கொள்ளலாமா என்று சென்ற மடலில் ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. கணினி ஓடி முடிக்கும்வரை கைகட்டி உட்கார்ந்திருப்பதால் எத்தனையோ திருமண வீடியோக்கள் தாமதமாகின்றன. அந்தப் பழக்கத்துக்கே பெயர் சூட்டிவிட வேண்டாம்.

நான் முன்வைப்பது ஒரு சொல் அல்ல, ஒரு சோடி: பொறிநேரம், ஆள்நேரம். கணினி தானாக ஓடி முடிக்கும் வேலைக்கு ஆவது பொறிநேரம். எடிட்டர் கண்ணும் காதும் வைத்து உட்கார வேண்டியது ஆள்நேரம்.

ரெண்டர் மட்டும் பொறிநேரம் இல்லை. கேமராவின் 128 ஜிபி மெமரி கார்டு நிறைந்திருந்து, அதை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் கணினியில் இறக்கினால் ஒரு பிரதிக்கே ஏறத்தாழ 21 நிமிடம். அப்புறம் பிரதி சரியா என்று ஒப்பிடும் ஓட்டம், 4கே கிளிப்புகளுக்கு ப்ராக்ஸி (எடிட் செய்ய இலகுவான சிறிய நகல்) எடுப்பது, கடைசியில் முடிந்த படத்தைக் கோப்பாக்கும் எக்ஸ்போர்ட், அப்லோட். இவற்றில் பெரும்பாலானதை இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். ஆனால் ஒரு மணி நேரச் சடங்கை மூன்று கேமராவில் பிடித்திருந்தால் மூன்று மணி நேரக் காட்சி கிடக்கிறது. மணமகளின் தந்தை கண்ணைத் துடைத்துக்கொண்டது எந்தக் கேமராவில் நன்றாக விழுந்திருக்கிறது என்று பார்த்து எடுக்க ஆள்தான் உட்கார வேண்டும். எவ்வளவு வேகமான கணினி வாங்கினாலும் அந்த நேரம் குறையாது. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுத் தேதி சொன்னால் தேதி தவறத்தான் செய்யும்.

‘கணினி நேரம்’ என்றே வைக்கலாமே என்றால், திரையின் மூலையில் தெரியும் கடிகாரம் என்று தோன்றிவிடுகிறது. ‘இயந்திர நேரம்’ பொருளில் சரி, சொல்லத்தான் நீளம்.

பதில்:

ஐயா, சோடி பிடித்திருக்கிறது. எலிப்பொறி, தீப்பொறி என்று சிலர் இழுக்கலாம். ‘நேரம்’ ஒட்டியதும் அந்தக் குழப்பம் போய்விடுகிறது. என் ஐயம், தனியாகப் பதிவுசெய்த ஒலியைக் காட்சியோடு பொருத்தும் வேலையில். ஒலி அலைகளை ஒப்பிட்டுக் காட்சிகளை வரிசைப்படுத்துவது மென்பொருள்தான். ஆனால் நீண்ட பதிவில் தனி ரெக்கார்டரின் ஒலி கொஞ்சம் கொஞ்சமாக விலகி, கடைசி வாழ்த்துரையில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் நிற்கும். அதை யாராவது பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். இது எந்தக் கணக்கு?

பதில்:

பிரித்தே எழுதுவோம். பொருத்துவது பொறிநேரம், சரிபார்ப்பது ஆள்நேரம். எக்ஸ்போர்ட் ஆன படத்தை அனுப்பும் முன் முழுசாக ஒருமுறை பார்ப்பதும் ஆள்நேரமே. பலர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

திருத்தங்களில்தான் இந்தச் சோடி ரொம்பக் கைகொடுக்கும். ஒரு பெயரின் எழுத்துப்பிழையை மாற்ற ஒரு நிமிட ஆள்நேரம் போதும். படத்தை மறுபடி எக்ஸ்போர்ட் செய்து ஏற்றும் பொறிநேரம் பெரும்பாலும் பழையபடியே ஆகும். திருத்தங்களை மொத்தமாக ஒரே தடவையில் தாருங்கள் என்று ஏன் கேட்கிறோம் என்பதை வாடிக்கையாளருக்கு இப்படிச் சொன்னால் உடனே புரியும்.

எடிட்டிங் செய்பவர்கள் தங்கள் வேலைப் பட்டியலில் இரண்டு கட்டம் போட்டு, இந்தச் சொற்களையே தலைப்பாக வைத்து அடுத்த திருமணத்துக்குப் புழங்கிப் பாருங்கள். எந்த வேலை இரண்டிலும் அடங்காமல் நிற்கிறதோ அதை இங்கே எழுதுங்கள்.