ராத்திரி மூச்சுத்திணறல் கேஸ்களுக்குக் கையடக்க ஸ்கேன் வாங்கலாமா?

இரவுப்பணி:
தாலுகா ஊரில் 20 படுக்கை உள்ள சின்ன மருத்துவமனை எங்களுடையது. ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டி வருகிறவருக்கு இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா, இல்லை பழைய வீசிங்தானா என்று ஸ்டெதஸ்கோப்பை மட்டும் நம்பி முடிவெடுக்கிறோம், எக்ஸ்ரே டெக்னீஷியன் காலையில்தான் வருவார். போனில் செருகிப் பார்க்கும் சின்ன ஸ்கேன் கருவி (புரோப்) இதற்கு உதவுமா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

அவசரப்பிரிவு:
நிச்சயம் உதவும் டாக்டர். நீர் கோத்திருந்தால் நுரையீரலை மூடியிருக்கும் ப்ளூரா சவ்விலிருந்து திரையின் அடிவரைக்கும் வெள்ளைக் கோடுகள் செங்குத்தாக இறங்கும், பி-லைன் என்போம். ஒரு விலா இடைவெளியில் மூன்றோ அதற்கு மேலோ, அதுவும் இரண்டு பக்கமும் பல இடங்களில் தெரிந்தால் நீரைத்தான் முதலில் சந்தேகிப்பேன். வெறும் வீசிங்கில் பெரும்பாலும் குறுக்குக் கோடுகள்தான் இருக்கும். ஆனால் நிமோனியாவிலும், நுரையீரல் தழும்பேறும் ஃபைப்ரோசிஸிலும் பி-லைன் வரும், அதனால் காய்ச்சல் இருந்ததா, கால் வீங்கியதா என்று கேட்காமல் படத்தைப் பார்த்த கையோடு நீரை வெளியேற்றும் லாசிக்ஸ் மருந்தைப் போட்டுவிடாதீர்கள்.

பதிவேடு:
அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு நிமிஷம். கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் இந்தச் சின்ன புரோப்புக்கும் பொருந்தும், நுரையீரல் மட்டும்தான் பார்க்கிறோம் என்று சொல்லித் தப்ப முடியாது. அந்தச் சட்டப்படி பதிவில்லாத இடத்துக்குக் கம்பெனி விற்கவே கூடாது. அப்புறம், 2012இல் வந்த திருத்தத்தின்படி கையடக்கக் கருவியைப் பதிவான வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்கோ, மற்ற சிகிச்சைகளும் தரும் நடமாடும் மருத்துவ வண்டியிலோதான் பயன்படுத்தலாம். வீட்டு விசிட்டுக்குப் பையில் போட்டுக்கொண்டு போகவே போகாதீர்கள். யார் யார் ஸ்கேன் பார்க்கலாம் என்பதற்கும் தகுதி விதி இருக்கிறது, மாவட்ட அதிகாரியிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஜெல்பாட்டில்:
நான் ஒரு வருடமாக வைத்திருக்கிறேன். விடாமல் பார்த்தால் புரோப் சூடாகி நின்றுவிடுகிறது, சார்ஜும் சீக்கிரம் இறங்கும், அதனால் டியூட்டி மாறும்போதே சார்ஜில் போடுவதை வழக்கமாக்குங்கள். கண்ட ஸ்பிரிட்டையும் ஊற்றித் துடைக்காதீர்கள், முனையில் இருக்கும் ரப்பர் கெட்டுவிடும். எனக்குக் கை பழகியது வார்டில்தான், எக்ஸ்ரே ஏற்கெனவே எடுத்த நோயாளிகளிடம் அனுமதி கேட்டுப் பார்த்துப் பார்த்து ஒப்பிட்டேன்.

இரவுப்பணி:
பதிவு விஷயம் தெரியாமல் இந்த வாரமே பணம் கட்ட இருந்தேன், மிக்க நன்றி. எங்களிடம் பெரிய ஸ்கேன் மெஷினுக்குப் பதிவு இருக்கிறது, இதை அதில் சேர்க்க எழுதிக் கொடுத்துவிட்டே வாங்குகிறேன். நோயாளியைப் படுக்க வைத்தா பார்ப்பீர்கள்?

அவசரப்பிரிவு:
மூச்சு முட்டுகிறவரைப் படுக்க வைக்காதீர்கள். சாய்ந்து உட்கார்ந்தபடியே, ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்பக்கமும் விலாப்பக்கமும் பாருங்கள்.