ஆப்பிள் கடையில சீக்கிரம் மெத்துனு ஆயிடுது, எப்படி அடுக்கி வைக்கிறது?

புதுக்கடை_தாராபுரம்:
எல்லாருக்கும் வணக்கம். மளிகைக் கடையோட சேர்த்து பழமும் போட ஆரம்பிச்சிருக்கேன், வாழை கொய்யாவெல்லாம் ஓடிடுது, ஆப்பிள்தான் கையைக் கடிக்குது. மண்டில எடுக்கும்போது நல்லா கெட்டியா இருக்கு, கடை முன்னாடி கோபுரமா அடுக்கி வெச்சா வாரத்துக்குள்ள அடில இருக்கறதெல்லாம் பழுப்பு விழுந்துடுது, கடிச்சா மாவு. கடையில ஏசி இல்ல, பழைய கூல்டிரிங்ஸ் ஃப்ரிட்ஜ் ஒண்ணு இருக்கு. பளபளப்புக்கு எண்ணெய் தொட்டு துடைங்கனு ஒருத்தர் சொல்றார், செய்யலாமா?

பழவியாபாரி_கோவை:
தம்பி முதல்ல அந்த கோபுரத்தை கலைங்க. பாக்க அழகுதான், ஆனா மேல இருக்கற எடை மொத்தமும் அடில இருக்கற பழத்து மேலதான் இறங்குது, ஜனங்களும் நடுவுல கைய விட்டு உருவும்போது நாலு பழம் உருண்டு கீழ விழும். ஆப்பிள் அடிபட்டா அன்னிக்கே தெரியாது, அப்புறமாதான் பழுப்பு தெரியும், அதனாலதான் மண்டிக்காரர் ஏமாத்திட்டாருனு நமக்கு தோணும், பாதி அடி நம்ம கடைலயே பட்டிருக்கும். பெட்டிய கவுத்துக் கொட்டாதீங்க, குழி வெச்ச அட்டை டிரேல வருதுல்ல, அதோடயே தூக்கி ரேக்ல வைங்க. ரெண்டு அடுக்குக்கு மேல வேணாம். காம்பு பக்கத்துப் பழத்தை குத்தாம பாத்துக்கங்க, குத்துன இடத்துலதான் அழுகல் ஆரம்பிக்கும். ரேக் நிறைஞ்சு தெரியணும்னா காலி டிரேயை அடில கவுத்துப் போட்டு மேல ஒரே வரிசை அடுக்குங்க, பின்னால ஒரு கண்ணாடி மாட்டுனா ரெண்டு மடங்கா தெரியும், எல்லா கடையிலயும் இதுதான் நடக்குது.

எண்ணெய் வேண்டவே வேண்டாம். தூசி ஒட்டும், நாலு நாள்ல சிக்கு வாடை வரும். காஞ்ச பருத்தித் துணி போதும்.

முன்னாள்_சூப்பர்மார்க்கெட்:
அண்ணன் சொன்னது சரி, ஆனா அடுக்கறதை விட சூடுதான் பெரிய எதிரி. நான் பழப் பிரிவுலதான் வேலை பாத்தேன். ஹிமாச்சல் சரக்கு ஜூலை ஆகஸ்ட்ல வரும், காஷ்மீர் செப்டம்பர் அக்டோபர்ல. அதுக்கப்புறம் மார்ச் ஏப்ரல்ல நீங்க வாங்குற உள்நாட்டு ஆப்பிள் எல்லாம் சி.ஏ. ஸ்டோர்ல (குளிரையும் காத்தையும் கட்டுப்பாட்டுல வெச்சிருக்கற கிடங்கு) இருந்து வர்றது, அங்க குளிரை கிட்டத்தட்ட 0 டிகிரில வெச்சு ஆக்சிஜனையும் 2, 3 சதவீதத்துக்கு இறக்கி பழத்தை தூங்க வெச்சிருப்பாங்க, வெளிய எடுத்து நம்மூர் வெயில்ல வெச்சா மாசக்கணக்கா தூங்குனதுக்கும் சேர்த்து கடகடனு பழுத்துடும். அதனால அந்த மாசங்கள்ல பெட்டிக்கணக்கா எடுக்காதீங்க, கம்மியா எடுத்து அடிக்கடி போங்க. வெளிய அன்னன்னிக்கு விக்கறது மட்டும், மிச்சம் ஃப்ரிட்ஜ்ல. புதுசு வந்தா பழசை முன்னாடி இழுத்துட்டு பின்னாடி வைங்க, பழசு மேலயே கொட்டுறவங்கதான் நிறைய பேர்.

ஃப்ரிட்ஜ்ல கீரை, கேரட்டோட சேர்த்து வைக்காதீங்க. ஆப்பிள் விடுற எத்திலீன்ங்கற பழுக்க வைக்கிற வாயுவால கீரை மஞ்சளாகும், கேரட் கசக்கும். வெளியவும் வாழைத்தாருக்கு பக்கத்துல ரேக் போடாதீங்க, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பழுக்க வெச்சுடும்.

வாங்கறவன்:
நான் கடைக்காரன் இல்ல, வாங்கித் திங்கறவன். கத்தியால சுரண்டி மெழுகுனு காட்டுற வீடியோ பாத்துட்டு வந்து எல்லாரும் சண்டை போடுறாங்களே, அதுக்கு என்ன சொல்வீங்க? ஸ்டிக்கர் ஒட்டுனது எல்லாம் இம்போர்ட்டடா?

முன்னாள்_சூப்பர்மார்க்கெட்:
ஆப்பிள் தோல்லயே இயற்கையா மெழுகு உண்டு ப்ரோ, பேக்கிங்ல கழுவும்போது அது கொஞ்சம் போயிடும், அதுக்கு பதிலா தேன்மெழுகு, கார்னௌபா (ஒரு வகை பனை இலை மெழுகு), அரக்கு மூணுல ஏதாவது பூசலாம்னு நம்ம உணவுச் சட்டத்துலயே அனுமதி இருக்கு, லேபிள்ல போடணும். வெதுவெதுப்பான தண்ணில தேய்ச்சு கழுவுனா போதும். ஸ்டிக்கர்ல 4 இலக்க நம்பர் ரகத்தையும் சைஸையும் சொல்றது, முன்னாடி 9 சேர்த்து 5 இலக்கம்னா ஆர்கானிக். நம்பரே இல்லாம வெறும் 'பெஸ்ட் குவாலிட்டி'னு இருந்தா அது ரோல் கணக்குல கடைத்தெருவுல விக்கற ஸ்டிக்கர்தான்.

புதுக்கடை_தாராபுரம்:
ரொம்ப நன்றிண்ணா, நன்றி ப்ரோ. கோபுரத்தை கலைச்சாச்சு. ஏற்கனவே அடிபட்டு கிடக்கறதை என்ன பண்றது?

பழவியாபாரி_கோவை:
நல்ல பழத்தோட கலக்காம தனிக்கூடைல போட்டு பாதி விலை எழுதி வைங்க, மறைச்சு பைல போட்டீங்கனா அந்த ஆள் திரும்ப வரமாட்டான். சாயங்காலம் மிஞ்சுனா ஜூஸ் கடைக்காரர்கிட்ட பேசி வைங்க. அழுகுனது மட்டும் அன்னிக்கே குப்பைக்கு.