ரிஃபார்மர் குழாய்கள்: தடை வினையூக்கியிலா, வெப்பத்திலா?

கேள்வி (வேதிப்பொறியியல் மாணவி)

இயற்கை எரிவாயுவிலுள்ள மீத்தேனை நீராவியுடன் சேர்த்து, நிக்கல் வினையூக்கியின் மீது செலுத்திக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் பெறும் ரிஃபார்மரைப் பற்றிப் படித்து வருகிறேன். மோலுக்கு 206 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும் இவ்வினைக்கு இன்னும் வீரியமான வினையூக்கி கிடைத்தால், அந்தப் பேருலையைச் சிறிதாக்க முடியாதா?

பதில் 1 (ஆலைப் பொறியாளர்)

முடியாது. வினை இப்போதே மிக வேகமானது என்பதால், மீத்தேன் வினையூக்கிக் குருணையின் ஆழத்தை எட்டுவதற்கு முன், மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கிலேயே வினை முடிந்துவிடுகிறது. குருணையின் திறனில் பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படுவதில்லை. தட்டுப்பாடு வெப்பத்திற்குத்தான். ஏறத்தாழ 10 செ.மீ. உள்விட்டமும் 10 மீட்டருக்கு மேல் நீளமும் கொண்ட குழாய்களின் சுவரைக் கடந்தே அது முழுவதும் உள்ளே புக வேண்டும். பர்னர்களைக் கூட்டலாமே என்றால், சுவரின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் உயர்ந்தாலே குழாயின் ஆயுள் பாதியாகும் என்பது ஆலைகளில் வழங்கும் தோராயக் கணக்கு. (குழாய் மாற்றும் செலவுக்கு ஒருமுறை ஒப்புதல் கேட்டுப் போனவர் பர்னர்களைப் பற்றிப் பேசமாட்டார்.) எரிக்கும் வெப்பத்திலும் சுமார் பாதிதான் வினையைச் சேர்கிறது; மீதியைப் புகைவாயுவிலிருந்து மீட்டு நீராவியாக்குகிறோம்.

பதில் 2 (ஆய்வு மாணவர்)

மேலே சொன்னதன் தொடர்ச்சியாக, 2019-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட வடிவமைப்பைப் பாருங்கள். உலையே இல்லாமல், உட்சுவரில் வினையூக்கி பூசப்பட்ட உலோகக் குழாயின் வழியே நேரடியாக மின்சாரம் பாய்ச்சியதால், வெப்பம் வினை நடக்கும் இடத்திலேயே பிறந்தது. இம்முறையில் ரிஃபார்மரை இன்றைய அளவில் நூறில் ஒரு பங்காகக்கூடக் குறைக்கலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. ஆயினும் அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால், உலைப் புகை வேறோர் ஊரின் புகைபோக்கிக்கு இடம் மாறியதாகவே கொள்ள வேண்டும்.

மாணவி

இருவருக்கும் நன்றி. என் திட்டப்பணியின் இறுதிப் பொருள் மெத்தனால் என்பதை முதலிலேயே குறிப்பிட்டிருக்க வேண்டும்.

பதில் 3 (ஆலைப் பொறியாளர்)

அப்படியானால் கணக்கே மாறுகிறது. நீராவி வினை ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடுக்கு மூன்று பங்கு ஹைட்ரஜன் தருகிறது. மெத்தனாலுக்கு இரண்டே போதும். ஆக்சிஜனைச் செலுத்தி மீத்தேனின் ஒரு பகுதியைக் கலனுக்குள்ளேயே எரிக்கும் ஆட்டோதெர்மல் ரிஃபார்மர் அந்த விகிதத்தை நெருங்குவதோடு, வெளியிலிருந்து வெப்பமூட்டும் குழாய்களின் தேவையையும் நீக்கிவிடுகிறது. அதற்கு ஈடாகக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் ஆலையை நிறுவ வேண்டும். அச்செலவு பெரிய ஆலைகளுக்கே கட்டுப்படியாகும் என்பதால், தங்கள் திட்டத்தின் நாளொன்றுக்கான உற்பத்தி எத்தனை டன் என்பதை முதலில் தெரிவியுங்கள்.