1/48 அளவு விமான மாடலுக்கு பேஸ் (காட்சிப் பலகை): துளைத் தகட்டுத் தளம் போட்டவர்கள் சொல்லுங்கள்

கோர்சேர் என்ற இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் போர் விமானத்தில் இருந்து தொடங்குகிறேன். 1/48-ல் இறக்கை 26 செ.மீ., நீளம் 21 செ.மீ. சொச்சம். 30×30 செ.மீ. பலகை போதும். விமானத்தை ஓரத்துக்கு இணையாக நிறுத்தாமல் 15, 20 டிகிரி திருப்பி வையுங்கள். நேராக நிறுத்தினால் கடை அலமாரியில் வைத்த மாதிரி இருக்கும்.

துளைத் தகடு என்பது போர்க்காலத்தில் மண்மேல் விரித்து அவசர ஓடுதளம் ஆக்கிய எஃகுத் தகடு. அதில் பலரும் தவறுவது திசையில்தான். நிஜத் தகடு 10 அடி நீளம், 15 அங்குல அகலம், 87 துளை. 1941 நவம்பரில் வட கரோலைனாவின் மார்ஸ்டன் ஊர்ப் பக்கம் நடந்த போர்ப் பயிற்சியில் விரித்ததால் ‘மார்ஸ்டன் மேட்’ என்று பெயர். அதன் நீளவாட்டம் ஓடுதளத்துக்குக் குறுக்கே வரும். விமானம் ஓடும் திசையிலேயே தகட்டை நீட்டிப் போட்ட பேஸ்கள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. அடுத்தடுத்த வரிசைகளின் மூட்டு நேருக்கு நேர் வரக் கூடாது, செங்கல் கட்டு போல அரைத் தகடு தள்ளி வர வேண்டும். வாங்கும் முன் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்: 1/48-ல் ஒரு தகடு 63.5 × 8 மி.மீ., 1/72-ல் 42 × 5.3 மி.மீ.

—

அளவு சரி. 30×30 முழுக்கப் பரப்ப 180 தகடு போல ஆகும். செலவு தாங்காது, பாதிக்குத் தகடு, மீதி மண் என்று விடுங்கள். பார்க்கவும் அதுதான் அழகு.

பலகை 6 மி.மீ. எம்.டி.எஃப். (மரத்தூள் நாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் வளையும். மண் ஒட்டுவதற்குத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மேல் பக்கம் மட்டும் பூசுகிறோம். காயும்போது அது சுருங்கி ஓரங்களை மேலே இழுத்துவிடும். 12 மி.மீ. எடுத்து, மேல், கீழ், நான்கு ஓரம் எல்லாவற்றுக்கும் இரண்டு கை சீலர் அடியுங்கள். ஓரம்தான் அதிகம் குடிக்கும்.

மண்ணைத் தேநீர் வடிகட்டியில் சலித்தே ஆக வேண்டும். 1 மி.மீ. மணல் இந்த ஸ்கேலில் 5 செ.மீ. கல்! புல்லும் அப்படியே: 2 மி.மீ. நார் என்றால் நிஜத்தில் சாண் உயரத்தில் பாதி. 6 மி.மீ. நார் வைத்தால் கிட்டத்தட்ட ஓர் அடி உயரத்துக்குப் போய்விடும், ஓடுதளத்தில் அதற்கு வேலையில்லை.

—

மாடலுக்கான பித்தளைத் தகட்டை மண் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். சூப்பர் க்ளூவை ஓரத்தில் புள்ளி புள்ளியாக மட்டும். அடியில் முழுக்கத் தடவினால் துளை வழியே பொங்கி அடைத்துக்கொள்ளும். மெட்டல் பிரைமர் இல்லாமல் அடித்த பெயின்ட் நகம் பட்டாலே உரியும்.

வெள்ளி நிறம் வேண்டாம். மங்கிய பழுப்புச் சாம்பல், தகடுகளைக் கோக்கும் ஓரக் கொக்கிகளில் மட்டும் துரு, சக்கரம் ஓடும் தடத்தில் லேசாக ஸ்டீல் நிறத்தில் டிரை பிரஷ் (தூரிகையில் பெயின்ட்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்டுத் தேய்ப்பது). கடைசியில் பிக்மென்ட் தூளை (மண், தூசி போலக் காட்டும் நிறத் தூள்) துளைகளில் துடைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தூரிகை நுனியால் ஓரமாகத் தொட்டால் தானே பரவும். மேலே தேய்த்தால் தூள் வாரிக்கொண்டு வந்துவிடும். பவளப்பாறையை நொறுக்கிப் பரப்பிய பசிபிக் தளம் என்றால் தூள் வெளிர் நிறம், செம்மண் அல்ல.

—

விமானத்தை நிறுத்துவது பற்றி யாரும் சொல்லவில்லை. பெரிய சக்கரம் இரண்டிலும் 1 மி.மீ. பித்தளைக் கம்பி, சக்கரத்துக்குள் 5 மி.மீ., பலகைக்குள் 8 முதல் 10 மி.மீ. துளையைப் பெயின்ட்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள். வால் சக்கரத்தை ஒட்டாதீர்கள்; பலகை ஈரத்தில் அசையும், முதலில் ஒடிவது அந்தக் கால்தான்.

ஈயம் கலந்த வெள்ளை உலோகக் கால்கள் போட்டிருந்தால், வார்னிஷ் அடிக்காத மரப் பலகை மேல் மூடிய அக்ரிலிக் பெட்டி ஆபத்து. மரத்திலிருந்து வரும் அமில ஆவி உள்ளேயே தங்கி ஈயத்தை அரிக்கும், வெள்ளைத் தூள் பூக்கும். பலகையை நன்றாக அடைத்து, பெட்டிக்கடியில் ஒரு மி.மீ. இடைவெளி விடுங்கள். சூப்பர் க்ளூ போட்ட அன்றே மூடவும் கூடாது. ஒரு நாள் திறந்தே கிடக்கட்டும், இல்லையென்றால் கேனோபி (விமானி அறையின் கண்ணாடி மூடி) பனி படர்ந்தாற்போல் வெளுத்துப் போகும்.